விட்டுப்போன நாட்களும் வீணாகாத உழைப்பும்

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

உங்களில் எல்லோரும் தடையில்லாமல் படித்து இங்கே வந்துவிடவில்லை. காய்ச்சலால் பருவத்தேர்வைத் தவறவிட்டவர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டே அரியர் எழுதித் தேறியவர்கள் இருக்கிறீர்கள். உங்களை மனத்தில் வைத்தே பிரிட்டன் விளையாட்டு வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டனைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பிரிட்டனில் அரசுப் பணி, நேபாளத்தில் வளர்ச்சிப் பணி என்று இருந்த அவர், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கு 30 வயதில் தொழில்முறை வீராங்கனையாக வந்தார். அதில் மிக நீண்ட வகைகளில் ஒன்றான, ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்த வேண்டும், 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதை 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றார். 2010இல் போட்டி நாளன்று காலை, உடல் நலமில்லை என்று விலகிக்கொண்டார். பட்டம் கைவிட்டுப் போனது.

2011இல் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்தார். தோல் உரிந்த காலில் நோய்த்தொற்று சேர்ந்தது. கடைசிக்கட்டப் பயிற்சி குலைந்தது. கோனாவில் அவர் ஓடத் தொடங்கியபோது முன்னணி வீராங்கனை வெகுதூரம் போயிருந்தார். வெலிங்டன் ஒவ்வொருவராகத் தாண்டி, 8 மணி 55 நிமிடம் 8 விநாடியில் முதலாவதாக வந்தார். முந்தைய ஆண்டின் வெற்றியாளர் மிரிண்டா கார்ஃப்ரே மூன்று நிமிடத்துக்குள் அவர் பின்னால் வந்து சேர்ந்தார்.

இது அதிசயமில்லை. பல ஆண்டுப் பயிற்சியில் இதயமும் தசைகளும் பெற்ற வலிமை இரண்டு வாரத்தில் கரைந்துவிடாது. நல்ல உடல்நிலையில் இருக்கும் வீரர்களே பெரிய போட்டிக்கு முந்தைய வாரங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்கிறார்கள். சேர்ந்த களைப்பு நீங்கினால்தான் சேர்த்த வலிமை வெளிப்படும். ஆனால் காய்ச்சலோடு கடும் பயிற்சி செய்தால் இதயத் தசையே பாதிக்கப்படலாம். அதனால் 2010இல் விலகியதையும் 2011இல் வென்றதையும் நான் சமமாகவே மதிக்கிறேன். முடியாத நாளில் நிற்கத் தெரிந்தவர், முடிந்த நாளில் முழு வலிமையோடு ஓடினார்.

மாணவச் செல்வங்களே, வேலையிலும் ஆராய்ச்சியிலும் உங்களுக்கு இடைவெளிகள் வரும். நோய் வரும், பிள்ளைப்பேறு வரும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் வரும். அப்போது விட்டுப்போன நாட்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அதுவரை உழைத்தது உங்களிடம்தான் இருக்கிறது. உடல் தேறியதும் தயங்காமல் தொடக்கக் கோட்டுக்குப் போய் நில்லுங்கள். நாளை நீங்கள் மேலதிகாரியாக அமரும்போது, இடைவெளிக்குப் பின் திரும்பி வருபவருக்கும் அங்கே இடம் கொடுங்கள்.