பனி விலகிய பின் நாற்று

நீலகிரியில் உறைபனி பெரும்பாலும் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை நீடிக்கும். ஜனவரியிலேயே பகல் வெயில் சுள்ளென்று அடிக்கிறதே, அப்போதே பூநாற்றை நட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த வெயிலை நம்ப வேண்டாம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வெப்பத்தை வேகமாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஒரே ஊரில் மேட்டுத் தோட்டம் தப்பிக்க, ஓடையோரத் தோட்டம் கருகுகிறது. ஊருக்கென்று சொல்லும் பொதுத் தேதியை விட உங்கள் பாத்தி இருக்கும் இடமே முக்கியம்.

எல்லாப் பூவும் காத்திருக்க வேண்டியதில்லை. பான்சி லேசான பனியைத் தாங்கும். டாலியாவும் துலுக்க சாமந்தியும் தாங்காது. தாமதித்தால் பூப்பது பிந்துமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் குளிர்ந்த மண்ணில் வேர் ஓடாது. பனி விலகும் வரை நாற்றைத் தொட்டியில் வளர்த்து, இரவில் கூரைக்கடியில் வையுங்கள்.