கரையாத நகை

("நகைக்குப் பெருமை பொன்னின் எடையாலா? கலைஞனின் வேலைப்பாட்டாலா?" - செங்கல்பட்டுப் பட்டிமன்றத்தில் 'வேலைப்பாட்டாலே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியில் தராசோடு வந்திருக்கும் நண்பர்களே! தாய்மார்களே!

எதிரணித் தலைவர், "எடைதானய்யா நகை" என்றார். பொண்ணு பார்க்கப் போறவங்க பொண்ணு பேரைக் கேக்கிறதுக்கு முன்னாலே "எத்தனை பவுன்?" என்று கேட்கிறார்களே, அந்தத் தைரியம் அவருக்கு! (சிரிப்பு)

இங்கேயிருந்து பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம். ஆதிவராகக் குகையிலே பல்லவ அரசர்களும் அரசியரும் நிற்கிறார்கள். தலையில் மகுடம், காதில் கனத்த குண்டலம், கழுத்தில் கண்டிகை, தோளில் வளை. அர்ச்சுனன் தபசுப் பாறையிலே தேவர்களுக்கும் அப்படித்தான். ஒரு குன்றிமணிப் பொன் உண்டா அதிலே? இல்லை. ஆனாலும் பார்த்தவுடனே "நகை" என்கிறோமே, எதனாலே? பல்லவர் பூண்ட பொன் உருகிப் போச்சு. உளி செதுக்கிய வேலைப்பாடு 1,300 வருஷம் தாண்டி உப்புக்காற்றிலும் நிற்குது.

அதே ஏழாம் நூற்றாண்டு. இங்கிலாந்திலே சட்டன் ஹூ என்ற இடம். ஒரு பெரிய மனிதரைக் கப்பலோடு புதைத்தார்கள். 1939-இல் தோண்டினால், 400 கிராமுக்கு மேல் தங்கத்தில் ஓர் இடுப்புக் கொக்கி! நம்ம கணக்கிலே 50 பவுனுக்கு மேலே! எதிரணிக்கு வாயூறும். (சிரிப்பு) ஆனால் உலகம் அதிசயிப்பது எதை? ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும் பாம்பையும் மிருகத்தையும்! கூடக் கிடைத்த தோள் அணியிலே சிவப்புக் கல்லுக்கு அடியில் கோடு போட்ட பொன் தகடு வைத்து ஒளி கூட்டியிருக்கிறான். நம்ம ஊர்க் கல் நகையிலும் அடித்தகடு உண்டே! கடல் வேறு, பாஷை வேறு; கைக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று.

"ராஜராஜன் கல்வெட்டில் எடை எழுதினானே" என்றார்கள். எழுதினான். கழஞ்சு, மஞ்சாடி என்று நிறுத்து எழுதினான். ஆனால் முத்தை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று ரகம் பிரித்தானே, அது எதுக்கு? எடை மட்டும் போதும் என்றால் "முத்து, இத்தனை கழஞ்சு" என்று முடித்திருக்கலாமே!

கடைசியாக ஒன்று. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். பெட்டிக்குள் இருந்த தங்கம் பத்திரமாகத்தான் இருந்தது. அணைந்தது எது? பத்தர் வீட்டுக் குமுட்டி. ஊதுகுழல் பிடித்த கை கூலி வேலைக்குப் போனது. 1990-இல் சட்டத்தை எடுத்தார்கள். தங்கம் கடைக்கு வந்தது. விட்டுப்போன கை அத்தனையும் திரும்பி வந்ததா? அப்பா சொல்லித் தராத வேலையைப் பிள்ளை எங்கே போய்க் கற்பான்?

அம்மா, சேதாரத்தைப் பேரம் பேசுங்கள், தப்பில்லை. செய்கூலியைக் குறைக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பொன்னை மண் தரும்; வேலைப்பாட்டை மனுஷன்தான் தரணும். அவன் போனால் மிஞ்சுவது நகை இல்லை, வெறும் கட்டி!

(கைதட்டல்)