மகமையும் ஊர் வணிகர் கழகமும்

(திருத்தணியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிற்றூர் வணிகர் கழகங்களின் வரலாறு பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். படியும் தராசும் பிடித்தறியாத தமிழாசிரியனாகிய யான் கடைக்காரர் நிறைந்த அவையில் வணிகம் பேசப் புகுந்தது கொல்லர் தெருவில் ஊசி விற்கப் புகுந்தவாறேயாகும். ஆயினும், இன்று இவ்வவை முடிவு செய்ய வேண்டிய தீர்மானம் ஒன்று உளது. நம்மவர் தத்தம் கடைகளில் எடுத்துவைக்கும் மகமை முழுவதையும் நாமே வைத்துக்கொள்வதா, அன்றி இவ்வூர்க் கடைத்தெருவினர் எல்லாருக்கும் பொதுவானதொரு நிதியில் அதன் பங்கொன்றைச் சேர்ப்பதா என்பதே அது. முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர் என்று அறிந்து கைதூக்குதல் நன்றெனக் கருதியே ஈண்டு நிற்கின்றேன்.

வணிகர் கழகம் என்பது மேனாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுப்பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அப்பெயரோடு முதன்முதல் தோன்றிய கழகம் பிரான்சு நாட்டு மார்சேய்த் துறைமுகத்தில் 1599இல் அமைந்தது என்பதும், சென்னையில் ஆங்கில வணிகர் 1836இல் ஒன்று நிறுவினர் என்பதும் மெய்யே. நம் நாட்டு வணிகருக்கென்று தென்னிந்திய வர்த்தக சங்கம் 1909இல் தோன்றியது; பிட்டி தியாகராயச் செட்டியார் அதற்குத் தலைமை தாங்கினார். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1906இல், அர்பத்நாட் என்னும் ஆங்கிலக் கம்பெனி முறிந்து எத்துணையோ குடும்பங்களின் சேமிப்பு ஒருங்கே அழிந்திருந்தது. நம் பணத்தை நாமே காத்தல் வேண்டும் என்னும் உணர்ச்சி அக்காலத்து நம்மவரிடையே வலுத்தது. இவை பெருநகரத்துச் செய்திகள்; இவற்றை இம்மட்டில் நிறுத்துகின்றேன்.

நம்முடையது மலைக்கோயிலூர். ஆதலின் மற்றொரு மலைக்கோயிலூருக்கு உங்களை அழைத்துச் செல்கின்றேன். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையைத் தேவாரம் திருக்கொடுங்குன்றம் என வழங்கும். அக்கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் கல்வெட்டொன்று உளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவினரும், பல நாட்டு, பல பட்டின வணிகரும் ஒருங்கு கூடி, தாம் விற்கும் பண்டங்களின்மேல் இன்னின்ன அளவில் பணம் கோயிலுக்குத் தருவோம் எனத் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட செய்தியை அது கூறும். உப்பு, நெல், அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், புடைவை, மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், மாடு, குதிரை எனப் பட்டியல் நீளும். பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என அளவு வேறாகும். இதனைப் படிக்குந்தோறும் ஒரு மளிகைக் கடையின் பேரேட்டைக் கல்லில் வெட்டினாற்போலத் தோன்றும். அரசன் விதித்த வரியன்று இது. வணிகர் தாமே கூடி விதித்தது. அதனையும் பின்னர் எவரும் அழித்தெழுதாவண்ணம் ஊரார் பார்க்கும் இடத்தில் பொறித்தது.

ஐந்நூற்றுவர் கடல் கடந்தும் இம்முறையை விடவில்லை. சுமத்திரா தீவின் பாருசு என்னும் ஊரில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அங்கு வரும் மரக்கலத்தார் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்துதல் வேண்டும் என அக்குழுவினர் கூடி முடிவு செய்ததை அது தெரிவிக்கின்றது. தாயகத்தை விட்டு ஆயிரங்காதம் போன விடத்தும், கூடிய கூட்டத்தின் முடிவை எழுதிவைத்த பின்னரே பணம் வாங்கினர் என்பதைக் கருதுமின்.

இனி, மகமைக்கு வருவோம். வணிகர் தம் வாங்கல் விற்றலில் ஒரு சிறு பகுதியை அறத்திற்கென எடுத்துவைப்பதே மகமை. தமிழ்நாட்டில் இதனைச் செவ்வையாய் நடத்திக்காட்டியவர் பண்டை இராமநாதபுரம் மாவட்டத்து விருதுநகர் நாடார்கள். அவர்கள் நம் மரபினரல்லர். ஆயினும் நல்லதை எவரிடம் கண்டாலும் கற்பதில் இழுக்கில்லை.

அவர்கள் முன்னோர் தென்பாண்டிச் சீமையிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டின்மேலேற்றி வடக்கே வந்து விற்றனர். வழிப்பறிக்கு அஞ்சி, வண்டியும் மாடும் சரக்கும் இரவில் தங்குதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினர். பேட்டையில் தங்கும் வணிகர் கொடுக்கும் சிறு கட்டணமே மகமைக்கு வித்தாயிற்று. உறவின்முறை என்னும் அவையைச் சேர்ந்தோர் முறைவைத்து அந்நிதியை மேற்பார்த்தனர். முறைக்காரர் தம் முறை முடிந்ததும் அவையின் முன் கணக்கொப்பித்துவிட்டு அடுத்தவர் கையில் ஏட்டைத் தருதல் வேண்டும். செல்வமும் வயதும் எத்துணையவாயினும் இதற்கு விலக்கில்லை. இந்தச் சிறிய ஏற்பாட்டிலேதான் எல்லாம் அடங்கியிருந்தது என்று யான் கருதுகின்றேன்.

அவர்கள் தனித்து நிதி சேர்த்ததற்குக் காரணமும் உண்டு. பொதுக்கிணறும் கோயிலும் அவர்க்கு மறுக்கப்பட்டிருந்தன. கமுதிக் கோயிலில் 1897இல் அவர் நுழைந்தமை வழக்காகி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்க்கு மாறாகவே முடிந்தது. இடையே 1899இல் சிவகாசிக் கலகம் நிகழ்ந்தது. ஊர்க் கதவு அடைபட்டவர் தமக்கென வேறு வாயில் அமைத்துக்கொண்டனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு அவர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் திறந்தது 1939இலேதான். நமக்கு அத்தகைய இடர் எதுவும் இருந்ததில்லை. நாம் தனித்திருக்க அவர்கள் காட்டிய காரணத்தைக் காட்டுதல் இயலாது.

அம்மகமையால் விளைந்தது யாது? க்ஷத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளிக்கூடம் விளைந்தது. கடைக்காரர் மகமை தந்தனர். பெண்மக்கள் உலையிலிடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடி எடுத்துவைத்தனர். இளைஞர் வீடுவீடாகச் சென்று அவ்வரிசியைத் தொகுத்தனர். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே அதனை ஊரார் வழங்கினர். 1903இல் பிறந்த காமராசர் பயின்றது அப்பள்ளியிலே. பிற்காலத்தில் அவர் முதலமைச்சராகிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளித்தபோது, அவ்வூர்ப் பெண்மக்களின் கைப்பிடி அரிசி அவர் நினைவில் வந்திராதோ? இஃது என் ஊகமே. ஆசிரியனுக்கு இவ்வளவு உரிமை தரலாம். அவ்வூரிலே 1947இல் கல்லூரியும் 1962இல் மகளிர் கல்லூரியும் எழுந்தன. இன்று அங்கெல்லாம் பல மரபினரின் மக்களும் ஒருங்கு பயில்கின்றனர்.

மற்றொன்றும் நோக்குமின். 1924இல் மதுரையை இடமாகக் கொண்டு மதுரை இராமநாதபுரம் வர்த்தக சங்கம் தோன்றியது. அதன் பெயரில் இரு மாவட்டங்கள் உள, சாதி இல்லை. உறவின்முறை வலுத்திருந்த சீமையிலேயே இப்பொதுக்கழகமும் பிறந்தது. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. கலியாணத்திற்கும் கல்விக்கும் உறவின்முறை. புகைவண்டிக் கூலிக்கும் வரிக்கும் பொதுக்கழகம். தனியொரு சாதியார் எழுதும் விண்ணப்பத்தைக் காட்டிலும் கடைத்தெரு முழுதும் கையொப்பமிட்ட விண்ணப்பத்துக்கு அரசினர் செவிசாய்ப்பர் என்பது வணிகருக்குச் சொல்ல வேண்டுவதன்று. 1939இல் இராசாசி அமைச்சரவை விற்பனை வரி கொணர்ந்தபோதும், 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோதும் அது சாதி பார்த்து வரவில்லையே!

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது நாம் சித்தூர் மாவட்டத்தோடு அப்பக்கம் போனோம். ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார், விநாயகம் முதலியோர் முன்னின்ற கிளர்ச்சிக்குப்பின், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் இப்பக்கம் சேர்ந்தோம். எல்லைக் கோடு நகர்ந்தது, கடைத்தெரு நகரவில்லை. இன்றும் நம் கல்லாவில் தமிழிலும் தெலுங்கிலும் பேரம் நடக்கின்றது. ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31இன் படித்திருவிழாவுக்கும் வரும் கூட்டத்திற்குக் குடிநீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், மறுநாள் குப்பை அள்ளப்படல் வேண்டும். தேங்காய்க் கடைக்காரர் ஒரு மரபு, பூக்கடைக்காரர் வேறொரு மரபு, சிற்றுண்டிச் சாலையார் மற்றொரு மரபு. சாக்கடை நம் கடையின் முன்பு மட்டும் ஓடுவதன்று.

பொதுநிதியில் பணம் கரைந்துபோம் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். யான் முன்னர் வேலை பார்த்த ஓர் ஊரில் தண்ணீர்ப்பந்தலுக்கென ஒரு நிதி திரட்டினர்; கணக்குப் பார்க்க நியமித்த இருவரில் யானும் ஒருவன். இரண்டாண்டு ஏடு வரவில்லை. கேட்டால் பெரியவர் மனம் வருந்துமே என்று வாளா இருந்தேன். மூன்றாம் ஆண்டு பந்தலும் இல்லை, ஏடும் இல்லை. அது நம்மவர் மட்டும் கூடிய நிதி என்பதை மறைக்காது உரைக்கின்றேன். உறவினரிடம் கணக்குக் கேட்க நா எழாதது போலப் பிறரிடம் எழாமலிராது. பொதுநிதியில் அவரும் நம்மைக் கேட்பர்.

ஆகவே தீர்மானத்தில் ஒரு திருத்தம் வேண்டுகின்றேன். மகமையில் பாதி நம் பிள்ளைகளின் கல்விக்கு நிற்க. பாதி கடைத்தெருப் பொதுநிதிக்குச் செல்க. மாதந்தோறும் வரவும் செலவும் எழுதிய தாள் கடைத்தெருவில் யாவரும் படிக்கும் உயரத்தில் ஒட்டப்பெறுக. முதன் மூன்று மாதம் அதனை எழுதும் பணியை யானே ஏற்கின்றேன். என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று என் மாணாக்கர் சொல்வதுண்டு. நான்காம் மாதத்திற்கு யார் வருவீர் என்பதைச் செயலாளரிடம் இப்பொழுதே எழுதிக்கொடுங்கள்.