காலனி என்னும் சொல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். அதனைத் தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. நம்மிற் பலருடைய முகவரியிலேயே அஃது இருக்கின்றது. ‘காலனி’ என்பதே அச்சொல்.

இதன் பிறப்பிடம் இலத்தீன் மொழி. அம்மொழியில் ‘கோலெரே’ என்னும் வினைச்சொல் உழுதலையும், ஓரிடத்தில் வாழ்தலையும், போற்றி வழிபடுதலையும் குறிக்கும். அதனடியாக உழவனுக்குக் ‘கோலோனுஸ்’ என்றும், குடியேறிய ஊருக்குக் ‘கோலோனியா’ என்றும் பெயர்கள் அமைந்தன. உரோமானியர் தாம் வென்ற நாடுகளில், ஓய்வு பெற்ற படைவீரர்க்கு நிலம் அளித்து இத்தகைய ஊர்கள் பலவற்றை அமைத்தனர். கி.பி. 50-இல் அத்தகுதி பெற்ற ஓரூரே ஜெர்மனியின் கொலோன் நகரம். காய்ச்சலின்போது நெற்றியில் நனைத்திடும் ஓடிகொலோன் அந்நகரின் பெயரைத் தாங்கியதே.

பிற்காலத்தில் இச்சொல்லுக்குப் பழி வந்து சேர்ந்தது. கடல் கடந்து சென்ற ஐரோப்பியர் பிறர் நாடுகளைத் தம் காலனிகள் என்றனர். முன்னரே ஆங்கு உழுது வாழ்ந்தோர் உரிமை இழந்தனர். காலனி ஆட்சிக்கு முடிவு வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1960 டிசம்பர் 14-இல் தீர்மானம் இயற்றியது. நம் நாட்டிலோ அச்சொல் ரயில்வே காலனி, ஆலைக் காலனி, 1947-இல் வீடிழந்து வந்தோர்க்கு அமைந்த காலனி என, எளிய மக்களின் இருப்பிடப் பெயராய் நிலைத்துவிட்டது.

தமிழிலும் இதற்கு ஒப்பான சொல் உண்டு. குடியிருப்பு, குடியேற்றம் என்பவற்றில் உள்ள ‘குடி’ வாழ்தலைக் குறிக்கும். ‘குடியானவன்’ என்றாலோ உழவன். இரு மொழிகட்கும் இதில் உறவு கற்பிக்க வேண்டா. வாழ்வோன் உழவேண்டும் என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொதுவாயிற்று, அவ்வளவே.

‘கோலெரே’ என்னும் அவ்வேரினின்றே ‘கல்ச்சர்’ என்னும் சொல்லும் கிளைத்தது. உரோமானிய அறிஞர் சிசரோ, தத்துவத்தை உள்ளத்தின் உழவு என்று கூறினார். நாமும் நிலத்தைப் பண்படுத்துகின்றோம். பண்பட்ட மனிதரின் வாழ்வைப் பண்பாடு என்கின்றோம்.

அன்பர்களே! காலனியில் வீடு பெற்றோம், உழுகின்றோமா? ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைத் தந்தையிடம் நீட்டி, “படித்துச் சொல்லுங்கள், அப்பா” என்னும் பிள்ளைகள் நம்மிடையே உளர். குறை பிள்ளைகளிடம் இல்லை. நிலம் தரிசாய்க் கிடந்தால் நிலத்தையா நோவது? நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டில் தமிழெழுத்துக் கற்பிப்போம்; அஃது ஓர் உழவு. நமக்கு இடந்தந்த இம்மண்ணின் மொழியையும் அன்புடன் கற்போம்; அது மற்றோர் உழவு. இவ்விரண்டையும் செய்தால், காலனி என்னும் சொல்லின் பழைய நற்பொருளுக்கு நாம் உரியவராவோம்.