டைல்ஸ் மட்டும் போதுமா?



கேமரன் மலைக்குச் செல்லும் கூட்டரசு சாலை 185, நம் சிம்பாங் பூலாயில்தான் தொடங்குகிறது. வண்டியில் தங்கியும் கூடாரம் அடித்தும் மலைச்சுற்றுலா போகிற குடும்பங்களுக்குப் பொதுக் கழிப்பறைதான் கதி. அது அசுத்தமாக இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வரலாம்.

முகாம் நடத்துவோரே, புது டைல்ஸ் பதித்தால் மட்டும் போதாது. குளியலறையைத் தனியே பிரியுங்கள். கழிப்பறைத் தரை ஈரமின்றி இருக்கும். உறுதியான தாழ்ப்பாள், துணி மாட்டக் கொக்கி, இரவில் விளக்கு, மூடியுள்ள குப்பைத்தொட்டி அவசியம்.

வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு ‘பிஎம்டபிள்யூ’ கழிப்பறை என்கிறது. காரல்ல, சுத்தம், அழகு, நறுமணம்! அந்த மூன்றையும் தினமும் காப்பவர் துப்புரவுப் பணியாளர். மேம்பாட்டுச் செலவில் முதல் பங்கு அவர் சம்பளத்திற்குப் போகட்டும்.