உய்யும் வழி நாடுதல்

(அரூரில் திருவிழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



அடியேன் இன்று புராணக் கதையோடு தொடங்கவில்லை. என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே அரூரில் பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். ஓர் அம்மையார் திருநீறு வேண்டி நின்றார். அவருடைய ஐந்து வயதுப் பெண்குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய். சென்னையில் மருத்துவம் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. "சாமி, இந்தப் பச்சைக் குழந்தை என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். அடியேன் சற்றும் ஆராயாமல், "எல்லாம் முன்வினைப் பயன் அம்மா" என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. திருநீற்றைத் தாளில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

நான் சொன்னது சாத்திரத்துக்கு மாறானதன்று. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலையில் வழி கேட்டு அவர்கள் இல்லம் சென்றேன்.

அங்கே கண்டது என்ன? தந்தை மரவள்ளி பயிரிடும் சிறு விவசாயி. மருத்துவர் குறித்த நாள்தோறும் மொரப்பூர் சென்று இரயிலேறிச் சென்னைக்குப் போய்வருகிறார்கள். மருந்தினால் குழந்தையின் தலைமயிர் உதிர்ந்துவிட்டது. "எந்தக் கோயிலில் மொட்டை?" என்று தெருவார் கேட்கும்போதெல்லாம், தாய் "தீர்த்தமலையில்" என்று சொல்லித் தலைகுனிகிறார். ஒன்பது வயது மூத்த பையன் பாட்டியிடம் வளர்கிறான். அவன் ஒருநாள், "எனக்கும் காய்ச்சல் வந்தால் அம்மா இங்கேயே இருப்பார்களா?" என்று கேட்டானாம். இதைச் சொல்லும்போது அந்தத் தந்தை அழுதார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. குழந்தையின் இரத்தத்தில் நோய் தென்படவில்லை என்று மருத்துவர் கூறியிருந்தார். அதுகேட்ட பாட்டி, "நோய்தான் போய்விட்டதே! இனி அந்தக் கடுமருந்து எதற்கு? தீர்த்தமலைக்குப் போய் வேண்டுதலை முடித்து, இத்தோடு நிறுத்திவிடுவோம்" என்றார். பெற்றோரும் பாதி இசைந்திருந்தனர். மருத்துவர் விதித்ததோ இரண்டரை ஆண்டு.

அன்பர்களே, அப்போதுதான் திருஞானசம்பந்தப் பெருமானை இறைவன் எனக்கு நினைவூட்டினான். இங்கிருந்து நெடுந்தொலைவில்லாத திருச்செங்கோட்டுக்கு, அக்காலக் கொடிமாடச் செங்குன்றூருக்கு, பிள்ளையார் எழுந்தருளினார். உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். அதன் முதற்பாட்டின் கருத்து என்ன? முன்செய்த வினையே இத்துன்பமாக வந்தது என்று சொல்லிக்கொண்டே, அதனின்றும் உய்யும் வழியை நாடாதிருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்பதே. எத்தனையோ முறை அதை ஓதியிருக்கிறேன், பொருளும் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாய் கேட்டபோது மட்டும் பாதியை மறந்தேன். வினையைச் சொன்னேன், உய்யும் வழியைச் சொல்லவில்லை. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகள் முயலகன் நோயால் கிடந்தபோதும் பிள்ளையார் அவள் வினைக்கணக்கையா கேட்டார்? இரங்கினார், பாடினார்.

உய்யும் வழிகளுள் மருந்தும் ஒன்று. புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதன் என்று பெயர் தாங்கி நிற்பவன் மருத்துவத்தை வெறுப்பானா? நந்தவனங்களில் பூக்கும் நித்தியகல்யாணியை எல்லோரும் அறிவீர்கள். அதனைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்லுவர். அச்செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் என்னும் மருந்து 1960களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. சுடுகாட்டில் ஆடும் பெருமான் சுடுகாட்டுப் பூவிலேயே குழந்தைகளுக்கு உயிர் வைத்திருக்கிறான்! ஆனால் ஒன்று: அச்செடியைப் பறித்து வீட்டில் அரைத்துக் கொடுத்தல் கூடவே கூடாது, அது நஞ்சு. நஞ்சை அளவறிந்து அமுதாக்குவது கற்றறிந்த மருத்துவர் தொழில்.

இம்மருத்துவம் வளர்ந்ததில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு. 1948க்கு முன் இந்நோய் கண்ட குழந்தை சில மாதங்கள் வாழ்வதே அரிது. அவ்வாண்டில் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஒரு மருந்தால் நோய் தற்காலிகமாக அடங்குவதை உலகுக்கு அறிவித்தார். அவருக்கு அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் கண்டார். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அங்கே, குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவு 1960இல் அமைந்தது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021இல் மறையும்வரை அத்தொண்டிலேயே இருந்தார். இது சிவத்தொண்டு அன்றோ?

செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். வறிய நாடுகளில் முப்பதுக்கும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயைக் காலங்கடந்து அறிவதும், மருத்துவத்தை இடையில் விடுவதும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும். இரத்தத்தில் தென்படாத நோய் வேரில் ஒளிந்திருக்கும். மேலே அறுத்த அருகு மழைக்குத் தழைப்பதை உழவராகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இதையே அவ்வீட்டாரிடம் சொன்னேன். பாட்டியம்மையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "வேண்டுதல் சாமிக்கு நேர்ந்தது. காத்திருக்கச் சொன்னால் சாமி கோபிக்குமா?" என்று கேட்டார். "கோபியாது அம்மா. மருந்து உண்ணும் காலத்தில் குழந்தைக்கு நோய் தாங்கும் வலிமை குறைவு. திருவிழாக் கூட்டமும், காய்ச்சாத தீர்த்தமும் இப்போது வேண்டா. மலை எங்கும் போகாது, மலைமேல் இருப்பவனும் போகமாட்டான்" என்றேன். அந்தத் தாயின் கையைப் பார்த்து, நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டரை ஆண்டும் மருத்துவம் நடந்தது. சென்ற ஆண்டு அக்குழந்தை தன் காலாலேயே தீர்த்தமலை ஏறினாள்; அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். எல்லோர்க்கும் இவ்வாறு அமைவதில்லை. முழு மருத்துவமும் செய்து, முழு மனத்தோடு வழிபட்டும் பிள்ளையை இழந்த பெற்றோர் உண்டு. அவர்கள் அன்பிலும் குறையில்லை, பக்தியிலும் குறையில்லை. அவர்களிடம் வினை பேசாதீர்கள். அருகே சென்று அமருங்கள்.

அன்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். இது தொற்று நோயன்று, அஞ்சி ஒதுங்காதீர்கள். மொட்டைத் தலைக்குக் காரணம் கேளாதீர்கள். சென்னைக்குப் போகும் நாளில் அவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள். வழிச்செலவுக்கு இயன்றது கொடுங்கள். வீட்டில் விட்டுச்சென்ற மூத்த பிள்ளையை உங்கள் பிள்ளையோடு அமர்த்திச் சோறிடுங்கள். காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், வெளுப்பு, எலும்பு வலி, கழுத்துக் கட்டி இவற்றை எந்தக் குழந்தையிடம் கண்டாலும் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். திருநீறும் இடுங்கள், இட்ட கையாலேயே பேருந்தும் ஏற்றிவிடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.