பக்கத்தைத் திருப்பும் முன்

(சோமனூரில் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனியையே பார்த்திராத பிள்ளைகளுக்குத் துருவப் பயண நாவல் ஒன்றை எப்படி நடத்துவது என்று பேசச் சொன்னீர்கள். விசைத்தறிச் சத்தத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையும் குளிர்பானக் கடை ஐஸ் பெட்டியும்தான். அதனால் படம், காணொளி என்று காட்டிப் பனியை விளக்குவதிலேயே பாடவேளை போய்விடுகிறது. பனியைக் காட்டப் பத்து நிமிடம் போதும். பனிக்கு நடுவே மனிதர்கள் எடுக்கும் முடிவுகளை யோசிக்கத்தான் நேரம் வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது ஜூல்ஸ் வெர்ன் எழுதிய கேப்டன் ஹட்டராஸ் கதை. 1866-இல் நூலாக வந்தது. வட துருவத்தை எவரும் எட்டியிராத காலம் அது. எட்டாம் வகுப்பின் நூலகப் பாடவேளையில், வாரம் ஒரு பகுதியாகச் சுருக்கித் தமிழில் சொன்னேன். முக்கியமான இடங்களை ஒரு பக்க அளவில் எழுதி நகலெடுத்துக் கொடுத்தேன். வகுப்புக்கு ஒரே ஒரு விதி. கதை திரும்பும் இடத்தில் நிறுத்திவிடுவேன். பக்கத்தைத் திருப்பும் முன் ஒவ்வொருவரும் ஒரு முடிவையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுத வேண்டும்.

முதல் நிறுத்தம், கப்பல் புறப்படும் இடம். கூலி பல மடங்கு. ஆனால் எங்கே போகிறோம், கேப்டன் யார் என்று மாலுமிகளுக்குத் தெரியாது. "நீங்கள் ஏறுவீர்களா? ஏறுவதானால் என்ன நிபந்தனை வைப்பீர்கள்?" என்று கேட்டேன். கூலிப் பேச்சுவார்த்தையும் தறி நிறுத்தமும் நம் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவை. குழுக்களாக உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். எப்போதும் பேசாத ஒரு மாணவி எழுந்து, "முன்பணம் வாங்கிட்டா அப்புறம் கேள்வி கேக்க முடியாதுங்க டீச்சர்" என்றாள். பிற்பாடு மாலுமிகள் கலகம் செய்து, கப்பலுக்குத் தீ வைத்துவிட்டு ஓடும் பகுதி வந்தபோது, அவர்கள் கெட்டவர்கள் என்று வகுப்பில் யாரும் ஒரே வரியில் சொல்லவில்லை.

இரண்டாவது, கணக்கோடு சேர்ந்தது. தரையில் சுண்ணக்கட்டியால் எண்கோடு வரையுங்கள். நடுவில் பூச்சியம். வலப்பக்கம் நம் ஊர்ச் சித்திரை வெயில், 38 டிகிரி செல்சியஸ். இடப்பக்கம் ஏறத்தாழ −39. அங்கே பாதரசமே உறைந்துவிடும். கதையில் டாக்டர் கிளாபோனி உறைந்த பாதரசத்தைத் துப்பாக்கிக் குண்டாக்குவது அதனால்தான். ஒரு பிள்ளை 38-இலிருந்து −39 வரை எண்ணிக்கொண்டே நடக்கட்டும். முழுக்களின் கழித்தல் காலுக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது, அறிவியல். நெருப்பு மூட்ட வழியில்லை, சுற்றிலும் பனி. என்ன செய்வீர்கள்? எழுதிய பிறகு பக்கத்தைத் திருப்பினால், டாக்டர் பனிக்கட்டியையே வில்லையாகச் செதுக்கி, சூரிய ஒளியைக் குவித்துத் தீ மூட்டுகிறார். கொதித்து ஆறிய நீரைக் குழிவான கிண்ணத்தில் உறையவைத்து நீங்களும் முயலலாம். தீப்பற்ற வேண்டியதில்லை, தாளில் பளிச்சென்று ஒளிப்புள்ளி விழுந்தால் போதும். வில்லை ஆசிரியர் கையில் இருக்கட்டும். அதன் வழியே சூரியனைப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

நான்காவது, மெய்யும் கற்பனையும். வெர்ன் வட துருவத்தில் ஓர் எரிமலையை வைத்தார். அங்கே இருப்பது உறைந்த கடல். நிலம் இருப்பது தென் துருவத்தில். நாவலில் வருவதை இரண்டு பத்தியாகப் பிரித்து, பாடநூல், நிலப்படம் கொண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்போது ஒரு பெண், "கப்பல்ல பொம்பளைங்களே இல்லீங்களா?" என்றாள். அந்தக் கேள்விதான் எங்களை நம் நாட்டுக்குக் கூட்டிவந்தது. 1981 டிசம்பர் 6-இல் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9-இல் அண்டார்டிகாவில் இறங்கினார்கள். 1983-இல் சென்ற மூன்றாம் பயணக் குழுவில் அதிதி பந்த், சுதிப்தா சென்குப்தா என இரு பெண் விஞ்ஞானிகள் இருந்தார்கள்.

கடைசி நிறுத்தம்தான் எனக்கு முக்கியமானது. கதை முடிந்ததும் "விடாமுயற்சி வெற்றி தரும்" என்று கரும்பலகையில் எழுத நம் கை பரபரக்கும். ஹட்டராஸ் துருவத்தை அடைகிறார், ஆனால் மனம் பேதலித்துவிடுகிறது. ஊர் திரும்பியும் தினமும் வடக்கு நோக்கியே நடக்கிறார். அதன் பக்கத்தில் ஓர் உண்மை நிகழ்ச்சியை வைத்தேன். 1909 ஜனவரி 9-இல் ஷாக்கிள்டன் தென் துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் இருக்கும்போது திரும்பிவிட்டார். சோமனூரிலிருந்து சேலத்தையும் தாண்டும் தூரம்தான் பாக்கி. உணவு போதாது, மேலே போனால் கூட வந்த மூவரும் பிழைக்க மாட்டார்கள். நால்வரும் உயிரோடு திரும்பினார்கள். "இவர் தோற்றாரா?" என்று விவாதம் வைத்தேன். மணி அடித்த பிறகும் அது ஓயவில்லை. "திரும்பி வர்றதுக்கும் தைரியம் வேணுமுங்க" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். தேர்வு, மதிப்பெண், வேலை என்று ஓடப்போகும் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியம் வாழ்க்கையில் எங்கோ ஓரிடத்தில் தேவைப்படும்.

இதற்குத் திறன்பலகை வேண்டாம், பெரிய செலவும் இல்லை. இந்த மாதம் உங்கள் பாடத்தில் ஏதாவது ஒரு கதையை நடுவில் நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகள் எழுதுவதைச் சிவப்பு மையால் திருத்தாமல், முதலில் முழுதாகப் படியுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டுகளோடு சந்திப்போம்.